குழாயடியில் கேட்ட வரலாறு

பிற ஊர்களில் இருவர் வழியில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். கோவில்பட்டித் தெருக்களில் நெடுங்காலம் வழங்கிய முகமன் வேறு. "தண்ணி வந்துச்சா?" என்பதே அது. வந்தது என்று விடை கிடைத்தால், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் கிடைத்தது, மேலத்தெருவுக்கும் விட்டார்களா என்று பேச்சு விரியும். வரவில்லை என்றாலோ இன்னும் விரியும். தீப்பெட்டி ஆபீசில் கூலி ஏறுமா, இந்த ஐப்பசியிலாவது மழை பொழியுமா, யார் வீட்டுச் சுவர் மறுபடியும் வெடித்தது, யார் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று தொட்டுத் தொட்டுச் சென்று, வரிசையில் நிற்கும் கடைசிக் குடம் நிறைகிற வரையில் அது ஓயாது.

இந்தப் பேச்சைத்தான் நாம் ஒருகாலத்தில் வம்பு என்று எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல் பீடத்தில் நின்று கண்டிக்கவும் செய்தோம்.

தொண்ணூறுகளின் இறுதியில், குருப்பட்டம் பெற்ற புதிதில், கரிசல் காட்டுப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தோம். குருமடத்தில் கற்ற இறையியல் நாவில் சூடாக இருந்த காலம். யாக்கோபு திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் வாசகமாக வந்த ஒரு ஞாயிறன்று, நாவு என்னும் நெருப்பைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினோம். குழாயடியில் கூடிப் பேசுவோர் தம் நாவைக் கட்டிக் காக்க வேண்டும் என்று பெயர் சொல்லாத குறையாக எடுத்துரைத்தோம். பூசை முடிந்தது. எல்லாரும் போன பின்பு, மூதாட்டி ஒருவர் கோவில் வாசலில் காத்திருந்தார். கையில் செபமாலை, தோளில் கிழிந்த துண்டு.

"நல்லாத்தான் சொன்னீக சாமி. ஆனா குழாயடியில வாயை மூடிக்கிட்டு நின்னா, எந்த வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு எரியலைன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிட?"

அந்த மாதம் பங்கில் அரிசி வழங்கப் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தோம். விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் அதில் ஒழுங்காக இருந்தன. அந்த மூதாட்டி குறிப்பிட்ட வீடு அதில் இல்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாத வீடு அது. கேட்பதற்குக் கூச்சப்பட்ட வீடும்கூட. நம்முடைய பட்டியலுக்குத் தெரியாதது குழாயடிக்குத் தெரிந்திருந்தது. அன்று தொடங்கி அந்தப் பேச்சுக்குச் செவி கொடுக்கலானோம். வம்பு அதில் இல்லாமல் இல்லை. ஆனால் வம்பைக் காட்டிலும் வரலாறே அதில் மிகுதியாக இருந்தது.

தண்ணீரைப் பற்றிய பேச்சு கரிசல் மண்ணில் ஏன் இத்தனை பெரிதாயிற்று என்பதை அந்த மண்ணே சொல்லும். கரிசல், நீரைக் குடித்தால் பருத்து ஊதும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் அந்த வெடிப்பினுள் ஒரு முழக்கோலை இறக்கிவிடலாம். மேல்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இம்மண், ஆழத்துக்கு நீரை எளிதில் இறங்க விடுவதில்லை. ஆகவே மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். கிணறு தோண்டினாலோ, பல இடங்களில் கிடைப்பது உவர் நீரே. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். அது தவறினால் அடுத்த ஐப்பசி வரை வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். புதிதாக வீடு கட்டியவர் சுவர் வெடிப்பைப் பற்றிப் புலம்புவதும் இம்மண்ணின் குணத்தால்தான். கரிமண்ணைத் தோண்டி எறிந்து சரளை நிரப்பி அஸ்திவாரம் போட்டீர்களா என்பது அங்கே நலம் விசாரிப்பதைப் போன்ற ஒரு கேள்வி.

குழாய்க்கு முன்பு ஊருணி இருந்தது. மழைநீரைத் தேக்கிக் குடிப்பதற்கென்றே காத்துவந்த குளம் அது. அதில் கால் கழுவக் கூடாது. மாடு இறங்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்து விடுவார்கள். விடிவதற்குள் நீர் தெளிந்திருக்கும். நல்ல ஊருணி உள்ள ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். ஊருணி வற்றும் ஊர் என்றால், மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் கரிசல் இருந்தாலும் பெண்ணின் தாய் முகம் சுளிப்பாள். ஏனெனில் அந்த நிலத்தை மாப்பிள்ளை உழுவான். குடத்தை அவள் மகள்தான் சுமப்பாள். இவையெல்லாம் எந்த வருவாய்த்துறை ஏட்டிலும் ஏறாத கணக்குகள்.

ஊருணியைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஏக்கத்தில் முழுமையாகச் சேர்ந்துகொள்ள நம்மால் இயலவில்லை. ஊருணியின் படித்துறை எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கரையில் குடத்தை வைத்துவிட்டு, மேல்சாதியார் யாரேனும் இரங்கி முகந்து ஊற்றும் வரை காத்து நின்ற ஊர்கள் இந்தக் கரிசல் சீமையில் இருந்தன. அப்படிக் காத்து நின்றவர்களின் பேச்சு வேறு. படியில் இறங்கி முகந்தவர்களின் பேச்சு வேறு. குழாய் வந்த பிறகு வரிசை ஒன்றாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பல இடங்களில் குழாயும் தெருவுக்கு ஒன்றாகப் பிரிந்தே நின்றது.

பங்குகளில் பேணப்படும் பழைய பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு குருக்களாகிய எமக்கு உண்டு. திருமுழுக்குப் பெற்றவர் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர், நாள், குருவின் கையொப்பம். இறந்தோர் ஏட்டிலும் அவ்வாறே. அழகிய கையெழுத்து, சில இடங்களில் இலத்தீன். அந்தக் குழந்தை பிறந்த ஆண்டில் மழை பெய்ததா, அந்தத் தாய் எத்தனை தூரம் நடந்து தண்ணீர் கொண்டு வந்தாள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஏடு வேறு பணிக்காக ஏற்பட்டது. ஆனால் ஏட்டில் இல்லாதது தெருவில் இருந்தது. 'தாது வருசப் பஞ்சம்' என்று சொல்லாத கரிசல் மூதாட்டி நம் இளமையில் இல்லை. தாது ஆண்டு என்பது 1876-77. அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்துத் தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதைக் கண்ணால் கண்டவர் எவரும் நம் காலத்தில் இல்லை. ஆயினும் நேற்று நடந்தது போல, பாட்டி சொல்லக் கேட்ட பாட்டி சொன்னதாக, எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள் என்பதுவரை பேசுவார்கள்.

அதே 1876இல்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டி அதன் வழியில் அமைந்தது. பஞ்சமும் புகைவண்டியும் ஓராண்டிலேயே வந்து சேர்ந்த ஊர்கள் இவை. அந்தப் பாதை போடப்பட்டது முதன்மையாகப் பருத்திக்காகவும் துறைமுகத்துக்காகவும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும், இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமற் போயிற்று. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்குக் கண்காணாத விலை ஏறிற்று. போர் முடிந்ததும் விலை விழுந்தது. அடிமைகளின் விடுதலைக்காக உலகின் மறுகோடியில் மூண்ட போரினால் கரிசல் சம்சாரி ஒருவன் கடன் அடைத்தான். போர் ஓய்ந்ததும் மறுபடி கடன்பட்டான். இதனை அவன் எவ்வாறு பேசியிருப்பான் என்று நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆபிரகாம் லிங்கனின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தரகன் சொன்ன விலை மட்டும் தெரிந்திருக்கும்.

1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. பருத்தியிலும் சோளத்திலும் மானாவாரிக்கு ஏற்ற இரகங்களை உருவாக்குவதில் அது பெயர் பெற்றது. 'கருங்கண்ணி', 'உப்பம்' என்னும் பருத்திப் பெயர்கள் அக்காலத்தில் திண்ணைதோறும் புழங்கின. பின்னர் நூற்பாலைகள் வந்தன. ஆலைச் சங்கு ஊரின் கடிகாரமாயிற்று. முதற்சங்கு ஊதியதும் உலை வை, இரண்டாம் சங்குக்குள் சோற்றைக் கட்டு என்று வீடுகள் சங்குக்கு நடந்தன. நாம் பணியாற்றிய பங்கிலும் காலைப் பூசையின் நேரத்தை முடிவு செய்தது குருவின் விருப்பமன்று, ஆலையின் வேலைமுறைதான். கோவில் மணி சங்குக்குப் பின்னால் ஒலித்தாலே ஆட்கள் வருவார்கள். இதை ஒப்புக்கொள்ள எமக்கு முன்னிருந்த குருக்களுக்குச் சற்றுக் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

மக்களின் பேச்சை ஏட்டில் ஏற்றலாம் என்று நினைத்தவர்கள் இம்மண்ணில் இல்லாமற் போகவில்லை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியை நம் வாசகர் அறிவர். ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்குச் சாதி சமய வேறுபாடின்றிக் கரிசல் காடே அங்குத் திரளும். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றியவர் இத்தாலி நாட்டவரான கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று போற்றுபவர். அவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே மேடைகளில் கொண்டாடுகிறோம். தவறில்லை. ஆனால் அவர் செந்தமிழுக்கு மட்டுமன்று, அன்றாடப் பேச்சுத் தமிழுக்கும் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் எனப்படும் அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில், சமயக் கொள்கையில் அவரோடு மோதிக்கொண்டிருந்த லுத்தரன் சபையாரின் அச்சகத்திலேயே அச்சாயிற்று. பகையும் புத்தகத்துக்கு வழிவிட்டது. உபதேசம் செய்ய வருகிற குரு, முதலில் சந்தையிலும் கிணற்றடியிலும் மக்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணமே அந்நூலின் வேர். நாவடக்கம் பற்றி முழங்கிய நமக்கு அந்த எண்ணம் தாமதமாகவே விளங்கியது.

அவர் சதுரகராதியை முடித்தது 1732இல். அதற்குச் சரியாக 250 ஆண்டுகள் கழித்து, 1982இல், கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்று ஓர் அகராதி வெளிவந்தது. தொகுத்தவர் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்தவரான கி. ராஜநாராயணன். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத சம்சாரி. பேசுகிற மொழியையே எழுதுகிற மொழியாக்கிக் கரிசல் இலக்கியம் என்று ஒன்றை நிலைநிறுத்தியவர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021இல் புதுச்சேரியில் காலமானார். அவரும் அதே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் இளமை நண்பர்கள். இருவரும் அகாதெமி விருது பெற்றவர்கள். ஒரு சிற்றூரிலிருந்து இருவர். இலத்தீன் கற்ற துறவியும் ஏர் பிடித்த சம்சாரியும் இரண்டரை நூற்றாண்டு இடைவெளியில், ஏறத்தாழ ஒரே மண்ணில் நின்று, மக்கள் வாயில் வழங்கிய சொல்லைப் பொறுக்கிச் சேர்த்ததை நாம் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை. பேச்சைத் தவிர வேறு செல்வம் அதிகம் விளையாத மண் இது.

ஆனால் பேச்சு எல்லாவற்றையும் பேசிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அது மௌனம் காத்த இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எம் சொந்த வகுப்பறை.

தீப்பெட்டித் தொழில் 1920களில் சிவகாசியில் வேர்விட்டுச் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை பொய்த்த மண்ணுக்கு அது சோறு போட்டது, அதை மறுப்பதற்கில்லை. மரக்குச்சியைக் கட்டையில் அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது என்று கைவேலை மிகுந்த தொழில். அடைத்த பெட்டிக்குத் தக்க கூலி. சிறுவிரல்கள் விரைவாக அடுக்கும் என்று கண்டுகொண்டார்கள். விடியுமுன் கிராமங்களுக்கு ஆபீஸ் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பின் இறக்கிவிடும். நாம் நான்காம் வகுப்புப் படித்தபோது எம்மோடு அமர்ந்திருந்தவர்களில் பலர் ஐந்தாம் வகுப்பில் இல்லை. பெண்பிள்ளைகளே மிகுதியாகக் காணாமற் போனார்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு இழுத்தார். ஊர் அதைப் பற்றிப் பேசியதா என்று நினைவைத் துழாவிப் பார்க்கிறோம். கூலியைப் பற்றிப் பேசியது. பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று பேசியது. ஆபீசில் கொடுத்த முன்பணத்தைப் பற்றிப் பேசியது. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஏன் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறது என்று எவரும் பேசியதாக நினைவில்லை. பேசினால், வீட்டுக்கு வீடு விடை சொல்ல வேண்டியிருக்கும். ஞாயிறுதோறும் மறையுரை ஆற்றிய எம் ஊர்க்குருவும் பேசியதாக நினைவில்லை.

குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்வது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பளித்தது. இயந்திரங்களும் பெருகின. பிள்ளைகளை ஏற்றிய ஆபீஸ் பஸ் மெல்ல மெல்ல மறைந்தது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி, இந்தப் பிள்ளைகளின் கதையைக் 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படமாக இயக்கினார். ஊர் வாய்திறக்காததை ஒரு கதைசொல்லி திறந்தார்.

உதவிக் குருவாக இருந்த காலத்தில், குழாயடியில் ஒருநாள் ஒரு பெண்மணி எம்மைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பில் குடம், முன்பற்களில் ஒன்று இல்லை, எம்மைவிடப் பத்து வயது மூத்தவர் போலத் தோற்றம். "சாமிக்கு என்னைத் தெரியலையாக்கும். உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவ நான்தான்" என்றார். மூன்றாம் வகுப்பில் எமக்கு ஏழாம் வாய்ப்பாடு வராதபோது அருகிலிருந்து முணுமுணுத்தவர். நாம் குருமடத்துக்குப் போன பஸ் ஏழு மணிக்கு. அவர் போன பஸ் அதிகாலை நான்கு மணிக்கு. "இன்னும் ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா?" என்று எதற்காகவோ கேட்டுவிட்டோம். "பதினாலாம் வாய்ப்பாடே தெரியும் சாமி, குரோஸ் கணக்குப் போடணும்ல" என்றார். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாம் என்ன மறுமொழி சொன்னோம் என்பது நினைவில்லை.

பேச்சு மௌனமாவது ஒரு கேடு. இரண்டாகப் பிளப்பது மற்றொன்று. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. சமணச் சிற்பங்களும் பாதியில் நின்ற வெட்டுவான் கோவிலும் கொண்ட பழைமையான ஊர். முருகன் கோவில் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவில் இருந்தது. தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை நாடார் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்தைத் தழுவினர்; தேர்வீதியிலேயே இருந்த ஒரு கட்டடம் சிற்றாலயமாயிற்று. 1895இல் பங்குனித் தேர் வந்தபோது மோதல் மூண்டது. ஜமீனின் மேலாளரும் நாடார் தரப்பில் பலரும் உயிரிழந்தனர்; வீடுகள் எரிந்தன. பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் இந்நிகழ்ச்சிகளை விரிவாகத் தொடுகிறது.

இதைப் பற்றி அவ்வட்டாரத்தில் நாம் கேட்ட பேச்சு இருவகை. நம் மக்கள் மத்தியில், மறைக்காக உயிர்நீத்தவர்கள் என்னும் குரலில் ஒன்று. வீதியின் மறுபுறத்தில், தேரை மறிக்கவென்றே கோவில் கட்டினார்கள் என்னும் குரலில் மற்றொன்று. இரண்டு பேச்சும் நூறாண்டு கடந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இரண்டிலும் காணாமற் போனது, அந்த வீதியில் நடக்க ஒரு மனிதனுக்கு உரிமை இல்லாதிருந்தது என்னும் முதற்செய்தி. மறைபரப்பு வரலாறு எழுதுவோரும் அந்தச் செய்தியை ஒரு வரியில் கடந்துவிட்டு, மனமாற்றத்தின் எண்ணிக்கைக்குப் போய்விடுவது வழக்கம். நடக்க ஒரு வீதி வேண்டியவர்களிடம் நாம் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்குக் கேட்டிருக்கிறோம் போலும்.

மீண்டும் குழாய்க்கு வருவோம். தாமிரபரணி கோவில்பட்டிக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடுகிறது. சீவலப்பேரியிலிருந்து குழாய் பதித்து அந்த நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நகரம் பெருத்தது, 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 95 ஆயிரத்தைத் தாண்டிற்று. குழாய் அதே குழாய். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்பது எமக்கு நினைவிருக்கும் ஒரு கோடை. அப்போது தெருவில் செல்வாக்கு மிக்கவர் கவுன்சிலர் அல்லர், வட்டாட்சியர் அல்லர். வால்வு திறக்க வரும் ஊழியர்தான். அவர் சைக்கிள் தெருமுனையில் தென்பட்டால் சிறுவர்கள் ஓடிவந்து அறிவிப்பார்கள். அவர் வீட்டுத் திருமணத்துக்கு வந்த கூட்டத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திருமணத்திலும் நாம் கண்டதில்லை. பின்னர் இரண்டாம் குழாய்த்திட்டம் வேண்டும் என்னும் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வளர்ந்தது. 2010களில் அதுவும் நிறைவேறி நிலைமை சற்றே சீர்பட்டது.

2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் மகிழ்ந்தது, நாமும் ஒரு பொட்டலம் வாங்கி ஆயருக்குக் கொடுத்தோம். அந்தச் சுவைக்குக் காரணம் என்று சொல்லப்படுவனவற்றுள் தாமிரபரணித் தண்ணீரும் ஒன்று. குடம் குடமாக அந்தத் தண்ணீருக்குக் காத்து நின்ற பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு, மிட்டாயின் சுவைக்குச் சற்றும் குறைந்ததன்று. தீப்பெட்டியின் விலை 1995இல் 50 காசாகவும், 2007இல் ஒரு ரூபாயாகவும், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாகவும் ஏறிய ஒவ்வொரு முறையும் தேநீர்க்கடைப் பேச்சு ஒன்றுதான்: பெட்டி விலை ஏறினால் கூலி ஏறுமா? விலை கூறுகிறவர்களும் கூலி வாங்குகிறவர்களும் அதே பெஞ்சில் அருகருகே அமர்ந்து அதைப் பேசுவார்கள் என்பது கோவில்பட்டியின் தனிச்சிறப்பு.

நகரம் ஆற்றுநீருக்கு மாறியபின் ஊருணிகளும் கண்மாய்களும் கவனிப்பாரற்றுப் போயின. பலவற்றில் வேலிக்கருவை மண்டிற்று. சில பேருந்து நிற்கும் இடமாயின. கோவில்பட்டி ஆலையொன்றில் வேலை பார்த்து எழுத்தாளரான சோ. தர்மன், தம் ஊராகிய உருளைகுடியின் கண்மாயை மையமாக்கி எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கண்மாயில் மீன் எப்போது பிடிக்கலாம், மடையை யார் திறப்பது, கரையில் யார் மரம் வைத்தது என்பதாக ஓர் ஊர் முழுவதும் அந்நூலில் பேசிக்கொண்டே இருக்கிறது. கண்மாய் செத்த பிறகுதான் அது புத்தகமாயிற்று என்பது நமக்கு உறுத்தல். நம் பங்குகளிலும் கோவிலுக்குச் சொந்தமான பழைய கிணறுகள் உண்டு. அவற்றை மூடி மேடை கட்டியவர்களின் பட்டியலில் எம் பெயரும் ஓரிடத்தில் இருக்கிறது. விழாவுக்கு வந்தவர்கள் அமர இடம் போதவில்லை என்பது அப்போது போதுமான காரணமாகத் தோன்றியது.

இப்போது குழாய் பெரும்பாலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. குழாயடி குறைந்தது, அடிக்கடி பார்க்கும் முகங்களும் குறைந்தன. ஆனால் பேச்சு நின்றபாடில்லை. பெண்களின் கைப்பேசியில் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. "மேட்டுத்தெருவுக்கு விட்டாச்சு" என்று நள்ளிரவில் செய்தி வரும். அதன் கீழே யாரோ ஒருவர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா அழைப்பு. அதன் கீழே காணாமற் போன ஆட்டுக்குட்டியின் படம். அதன் கீழே மறுபடியும் தண்ணீர். எம்மையும் இரக்கப்பட்டுச் சேர்த்திருக்கிறார்கள். எமக்கு ஒன்று மட்டும் குறையாகப் படுகிறது. குழாயடியில் பேசாமல் நின்றவள் யார் என்பது கண்ணுக்குத் தெரியும். கைப்பேசிக் குழுவில் பேசாதவர் இருப்பதே தெரிவதில்லை.

சென்ற மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். மறையில்லத்து மோட்டார் பழுது. நாமே குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பொதுக்குழாய்க்குப் போனோம். அங்கே நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். வீட்டு இணைப்புக்குப் பணம் கட்ட இயலாதவர்கள். சாமி வந்திருப்பதைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். நாம் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். சற்று நேரத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. ஒருவர் மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பவில்லை. மக்காச்சோளத்தில் புழு. மூன்றாம் வீட்டுப் பெரியம்மாவை இரண்டு நாளாகக் காணவில்லை, கதவு சாத்தியே இருக்கிறது.

"காலைல போய்ப் பாத்துட்டு வாங்களேன் சாமி" என்றார் ஒருத்தி. "நாங்க தட்டுனா திறக்க மாட்டாக, வாடகை பாக்கியைக் கேட்க வந்திருக்கோம்னு நெனைச்சுக்கிடுவாக."

எம் குடம் நிறைந்திருந்தது. காலைவரை காத்திராமல் அந்த வீட்டை நோக்கி நடந்தோம்.